பறவை எந்த அடுக்கில் இருக்கிறது? கையால் தீட்டிய ஜப்பானியத் தேநீர்ப் பாத்திரங்களைப் பார்க்கும் முறை

காட்டுப் பறவைகளைத் தீட்டிய, கையால் செய்த ஜப்பானியத் தேநீர்ப் பாத்திரம் வாங்க விரும்புகிறீர்கள். கைவேலையை அச்சுப்படத்திலிருந்து பிரித்தறிவது எப்படி, விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது, வாங்கிய பின் எப்படிப் புழங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பறவை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைத்தான். கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சுக்கு அடியிலா, அதற்கு மேலா, களிமண்ணிலேயேவா? நிறம், விலை, ஆயுள், கழுவும் முறை எல்லாம் இந்த ஒன்றைத் தொட்டே வரும்.

பூச்சுக்கு அடியில் உள்ள ஓவியத்திலிருந்து தொடங்குகிறேன். வனைந்து காயவைத்த பாத்திரத்தை முதலில் 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சுடுவார்கள். அந்த நிலையில் மண் கெட்டியாக இருக்கும். ஆனால் தண்ணீரை உடனே உறிஞ்சும். அதன்மேல் கோபால்ட் கலந்த கோசு என்ற நிறமியால் வரைவார்கள். கோசுவைக் கரைக்கப் பல பட்டறைகளில் வெறும் தண்ணீருக்குப் பதில் காய்ச்சிய பச்சைத் தேநீரைப் பயன்படுத்துகிறார்கள். தேயிலையின் டானின் நிறமித் துகள்களை அடியில் தங்கவிடாமல் மிதக்க வைக்கும். தூரிகையும் இழுபடாமல் ஓடும். ஒரே படத்தைப் பல கோப்பைகளில் வரைய வேண்டுமென்றால், மெல்லிய வாஷி காகிதத்தில் சுரைக்கரித் தூளால் கோடிட்டு, அதைப் பாத்திரத்தின் மேல் வைத்துத் தேய்ப்பார்கள். ஒரு காகிதம் பல பிரதிகளுக்கு உதவும். கரி சூளையில் எரிந்து மறைந்துவிடும். அது இடத்தைக் குறிக்கும் தடம் மட்டுமே. அதன்மேல் ஓடும் கோடு ஒவ்வொரு முறையும் கையிலிருந்து புதிதாக வருகிறது.

வேலை இரண்டு பகுதியாக நடக்கும். கொட்சுகாகி என்பது எலும்புக்கோடு: அலகு, கண், முதுகின் வளைவு, இறகு நுனிகள். அதன்பின் தாமி: பருத்த தூரிகையில் கோசு நீரை நிறைய ஏற்றி, மண்ணின் மேல் ஒரு துளியை ஓடவிட்டு, அதை நகர்த்திக்கொண்டே பரப்பை நிரப்புவது. உறிஞ்சும் மண்ணில் தூரிகை ஒரு நொடி தயங்கினாலும் அந்த இடத்தில் கறை படியும். அழிப்பான் கிடையாது, சுரண்டினால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி உறிஞ்சும், சுட்ட பின் வெளிறித் தெரியும். கண்ணில் ஒளிப்புள்ளி வேண்டுமென்றால் நிறமி காய்ந்த பின் ஊசி நுனியால் ஒரு புள்ளியைக் கிள்ளி எடுப்பார்கள், அல்லது தொடக்கத்திலேயே மெழுகு வைத்துவிடுவார்கள். பிறகு பூச்சில் முக்கி, அரிதா போன்ற ஊர்களின் பீங்கானை ஏறத்தாழ 1,300 டிகிரியில் சுடுகிறார்கள். இந்தச் சூட்டில் பாத்திரம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கலாம். பறவையும் கூடவே சுருங்கும், 5 செ.மீ. வரைந்த மீன்கொத்தி 4.4 செ.மீ. ஆகிவிடும். மெல்லிய கால் கோடுகளைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவைக்க இதுவும் ஒரு காரணம்.

இங்கே எது கெடும்? கோசு கெட்டியாகிவிட்டால் நீலம் கறுத்து, பூச்சை ஊடுருவி உலோகப் பளபளப்போடு மேலே வரும். நீர்த்துப்போனால் இறகின் அடுக்குகள் ஒன்றாகக் கரைந்துவிடும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு விலகி மண் வெளித்தெரியும். கோசுவுக்குப் பதில் இரும்பு நிறமி என்றால் பிரச்சினை வேறு. பழுப்புச் சிட்டுக்குருவி, கடற்கரை உப்புக்கொத்தி ஆகியவற்றுக்கு இரும்பு அருமையான நிறம் தரும். ஆனால் உருகும் பூச்சில் இரும்பு கசியும். அதனால்தான் ஸ்டோன்வேர் வகை முரட்டு மண் கோப்பைகளில் பறவைகளைச் சில வீச்சுகளில் முடித்துவிடுகிறார்கள். அலகை ஊசிபோல வரைந்தாலும் சூளை அதை மழுக்கிவிடும். அந்த மழுங்கலை எதிர்பார்த்து வரைந்த பறவையும், எதிர்பாராமல் கலைந்த பறவையும் பார்த்த உடனே வேறுபட்டுத் தெரியும்: முதலாவதில் கோடு கரைந்திருந்தாலும் உடல் நிலை தெளிவாக இருக்கும்.

பூச்சுக்கு மேல் தீட்டுவது இன்னொரு உலகம். முழுதும் சுட்டு முடித்த வெண்பாத்திரத்தின் மேல் உலோக ஆக்சைடு கலந்த கண்ணாடித் தூளால் வரைந்து, மீண்டும் 750 முதல் 850 டிகிரி வரை சுடுவார்கள். அடிப்பூச்சு லேசாக இளக, நிறம் அதில் ஒட்டிக்கொள்ளும். செம்பு பச்சையைத் தரும், மாங்கனீசு ஊதாவை, கோபால்ட் கருநீலத்தை, இரும்பு மஞ்சளை. இவற்றோடு செங்காவி போன்ற இரும்புச் சிவப்பும் சேர்ந்ததுதான் இஷிகாவா பகுதியின் குதானி ஐந்நிறம். இதில் சிவப்பு மட்டும் தனி இனம். மற்ற நான்கும் ஒளி ஊடுருவும் கண்ணாடி. அவற்றைத் தடிமனாக ஏற்றுவார்கள், சுட்ட பின் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். சிவப்போ மிக நைசாக அரைத்து, வஜ்ஜிரப் பசையோடு மெல்லிய படலமாகத் தீட்டுவது. அதனால் பல ஆண்டுப் புழக்கத்தில் முதலில் தேய்வதும் சிவப்புதான்.

குதானி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: கறுப்பு எலும்புக்கோடு தானாக நிலைக்காது. அதன்மேல் ஒளி ஊடுருவும் நிறம் ஒன்று மூடியிருந்தால்தான் பிடிக்கும். மூடாமல் விட்ட கறுப்புக்கோடு சுட்ட பிறகும் தேய்த்தால் உதிரும். பறவையின் இறகுக் கோடு பச்சை அல்லது மஞ்சள் நிறத்தின் எல்லைக்கு வெளியே நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பட்டறையில் அப்படி விடமாட்டார்கள். நிறம் அளவுக்கு மீறித் தடித்தால், ஆறும்போது அடிப்பூச்சும் மேல்நிறமும் வெவ்வேறு அளவில் சுருங்கிச் செதிளாகத் தெறிக்கும். சூடு போதவில்லை என்றால் பளபளப்பு வராது. மீறினால் நிறம் கொதித்துக் குமிழி விடும், சிவப்பு வெளிறும். தங்கம் இருந்தால் அது கடைசியில், இன்னும் குறைந்த சூட்டில் தனியாகச் சுடப்பட்டது. ஒவ்வொரு கூடுதல் சுடலும் பாத்திரம் விரிசல் விடக்கூடிய இன்னொரு வாய்ப்பு. ஐந்நிறப் பறவைக் கோப்பை நீலப் பறவைக் கோப்பையைவிட விலை ஏறுவதற்கு வேலை நேரத்தோடு இந்தச் சேதக் கணக்கும் காரணம்.

மூன்றாவது வகை, மண்ணடுக்கிலேயே பறவை இருப்பது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மினோ பகுதியில் செழித்த நெசுமி ஷினோ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெள்ளை மண்ணின் மேல் இரும்புச் சத்து மிக்க குழம்பைப் பூசி, உருவத்தைச் சுரண்டி எடுத்து, மேலே ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தாலான பூச்சைத் தடிமனாக இடுவார்கள். சுட்ட பின் பின்னணி சாம்பலாகவும், சுரண்டிய இடம் வெண்மையாகவும் நிற்கும். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள வாலாட்டிக் குருவிக் கிண்ணம் இந்த முறையில் செய்தது. பாறை மேல் ஒரு குருவி, கொஞ்சம் நீரோட்டம், அவ்வளவுதான். பறவை ஓவியத்தில் எவ்வளவு குறைவாகச் சொன்னால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பறவைகளுக்கு வருவோம். ஜப்பானில் பறவையைத் தனியாக வரைவது அரிது. கூடவே ஒரு செடியோ அலையோ வரும், இரண்டும் சேர்ந்து பருவத்தைச் சொல்லும். கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்கா 13-ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒரு பூ, ஒரு பறவை என்று கவிதைகள் எழுதினார். கியோத்தோவின் ஒகாதா கென்சான் அவற்றைச் சதுரத் தட்டுகளில் தீட்டினார். 1702 என்று ஆண்டு குறித்த தொகுதி ஒன்று இருக்கிறது. அந்த வரிசை இன்றும் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது: முதல் மாதம் வில்லோ மரத்தோடு உகுயிசு என்ற கதிர்க்குருவி, இரண்டாவது செர்ரிப் பூவோடு கிஜி என்ற காட்டுக்கோழி இனம், மூன்றாவது விஸ்டேரியாவோடு வானம்பாடி, நான்காவது குயில், ஆறாவது நீர்க்காகம், எட்டாவது கூஸ் வகைக் காட்டு வாத்து, ஒன்பதாவது நாணற்புல்லோடு காடை, பத்தாவது சாமந்தியோடு பெருங்கொக்கு, பதினோராவது உப்புக்கொத்தி. இவை பழைய சந்திர மாதங்கள். இன்றைய நாட்காட்டியில் ஒரு மாதம் போலத் தள்ளிப் படிக்க வேண்டும். தேநீர்ச் சடங்கில் காடைக் கிண்ணத்தை வசந்தத்தில் எடுத்தால் பொருந்தாது. வீட்டுப் புழக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என்றாலும் ஆண்டு முழுக்க ஒரே கோப்பையைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மூங்கிலும் சிட்டுக்குருவியும் போன்ற, ஒரு பருவத்தோடு இறுகக் கட்டப்படாத படம் நல்லது.

காடைக்கு இன்னொரு பெரிய பயணமும் உண்டு. அரிதாவின் சகாய்தா ககியேமோன் பட்டறை மரபில், பால்வெண் பீங்கான் மேல் தினைக்கதிர்களுக்கு அருகே நிற்கும் காடை இணை 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகி, 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசன், இங்கிலாந்தின் செல்சீ பீங்கான் ஆலைகளில் நகலெடுக்கப்பட்டது. நிகோஷிதே எனப்படும் அந்தப் பால்வெண் மண்ணின் செய்முறை இடையில் அற்றுப்போய், 12, 13-ஆம் ககியேமோன்களால் (பட்டறைத் தலைவர்கள் வழிவழியாக ஏற்கும் பெயர் அது) 1953-இல் மீட்கப்பட்டது. அரிதா இருக்கும் சாகா மாநிலத்தின் சின்னப் பறவை மேக்பை என்ற கறுப்பு வெள்ளைக் காக்கையினப் பறவை. 1590-களின் கொரியப் போர்களின்போது குயவர்கள் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். இந்தப் பறவையும் அப்போதுதான் வந்தது என்பது அந்த ஊர் வழக்கு. அரிதாக் கோப்பையில் மேக்பையைக் கண்டால் அது ஊர்ப்பெருமை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பறவை சரியாக வரையப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இரண்டு இனங்கள் போதும். ஜப்பானியச் சிட்டுக்குருவி நம் வீட்டுச் சிட்டுக்குருவி அல்ல, அது மரச்சிட்டு. செம்பழுப்புத் தலை, வெண்கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். கோப்பையில் அந்தக் கன்னப் பொட்டு இருக்க வேண்டும். அடுத்தது பிளம் பூவோடு வரும் பச்சைப் பறவை. விற்பவர் உகுயிசு என்பார். பளிச்சென்ற பச்சை உடலும் கண்ணைச் சுற்றி வெண்வளையமும் இருந்தால் அது மெஜிரோ, நம் வெள்ளைக்கண்ணிக்கு உறவு. பிளம் பூவில் தேன் குடிக்க வருவது அதுதான். உகுயிசு மங்கிய பழுப்பு கலந்த பச்சை, புதருக்குள் மறைந்து பாடும். பழைய ஓவிய மரபே இரண்டையும் குழப்பிக்கொண்டதால் இதைத் தவறென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பறவைகளை நேரில் பார்த்து வரைபவர் வேறுபடுத்துவார். நான் அதிகம் மதிப்பது நிலையை: கால்கள் உடல் எடையைத் தாங்கும் இடத்திலிருந்து கிளம்புகின்றனவா, தலை திரும்பிய திசைக்கேற்பக் கழுத்து வளைந்திருக்கிறதா? இவை பிசகினால் இறகு எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயனில்லை.

அச்சா கைவேலையா என்பதற்குப் பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட ஒட்டுப்படத்தில் நிறம் சீரான புள்ளிகளாகப் பிரியும். படத்தைச் சுற்றி மெல்லிய படலத்தின் விளிம்பு சில சமயம் வெளிச்சத்தில் தெரியும். வளைவில் ஒட்டும்போது மடிந்த சுருக்கங்களும் இருக்கலாம். தூரிகைக் கோடு தொடக்கத்தில் பருத்து நடுவில் மெலியும், முடிவில் நிறமி தேங்கிக் கருக்கும். ஐந்து கோப்பைத் தொகுதியானால் ஒரே இறகை ஐந்திலும் ஒப்பிடுங்கள். முற்றிலும் ஒன்றாக இருந்தால் அச்சு. இடைப்பட்ட வகையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்: கோடு அச்சு, நிறம் மட்டும் கையால் நிரப்பியது. கையால் தீட்டியது என்ற சொல் அதற்கும் பயன்படுவதால் கோட்டையும் நிறத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அச்சுப் பாத்திரம் மோசமான பாத்திரம் என்று பொருளில்லை. கைவேலை விலையைக் கேட்கும்போதுதான் சிக்கல்.

இவ்வளவும் ஓவியம். க்யூசு என்ற பக்கவாட்டுப் பிடிக் கெண்டி வாங்குவதானால் பறவையை மறந்துவிட்டு முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடல், மூடி, மூக்கு, பிடி நான்கும் தனித்தனியாக வனைந்து, பாதி காய்ந்த நிலையில் ஒட்டப்படுபவை. மூக்கு சக்கரத்தில் முறுக்கிய மண் என்பதால் சூளையில் அந்த முறுக்கு இன்னும் கொஞ்சம் திரும்பும். அனுபவமுள்ளவர் நுனியைச் சற்றுச் சாய்த்து வெட்டிவிடுவார், சுட்ட பின் நேராகும். நுனியின் கீழ்விளிம்பு கூர்மையாக இருந்தால் ஊற்றி நிறுத்தும்போது சொட்டு கீழே வழியாது. மூடியின் காற்றுத்துளையை விரலால் அடைத்து ஊற்றினால் ஓட்டம் நிற்க வேண்டும். நின்றால் மூடி நன்றாகப் பொருந்துகிறது என்று அர்த்தம். உள்ளே மூக்கடியில் சல்லடை இருக்கும். சென்ச்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலை தூள் மிகுந்தது, ஆகவே நுண்ணிய துளைகள் வேண்டும். பிடி மூக்குக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்கும், பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்காக. இடக்கைக்காரர்கள் அதற்கென்று செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். ஊற்றும்போது பிடிக்கு எதிர்ப்பக்கம் விருந்தினரை நோக்கும், எனவே முதன்மைப் பறவையை அங்கே வைத்தால் விருந்தினருக்குத் தெரியும். மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியைக் கலக்கிக் குடிக்கும் கிண்ணத்திலும் இப்படித்தான்: படம் உள்ள பக்கம் கிண்ணத்தின் முகம். விருந்தினரை நோக்கி அதை வைத்துக் கொடுப்பார்கள். அவர் அந்த முகத்தில் வாய் வைக்காமல் கிண்ணத்தைத் திருப்பிக் குடிப்பார்.

இரண்டு பேருக்கு 200 முதல் 250 மி.லி. க்யூசு போதும். 200 மி.லி. நீருக்கு 4 முதல் 5 கிராம் சென்ச்சா, 70 முதல் 80 டிகிரி, ஒரு நிமிடம். நிழலில் வளர்த்த பச்சைத் தேநீரான க்யொகுரோவுக்கு 50 முதல் 60 டிகிரி, நீரின் அளவும் பாதிக்கும் கீழே. வறுத்த தேயிலையான ஹோஜிச்சாவுக்குக் கொதிநீர். யோக்காய்ச்சி ஊரின் பாங்கோ வகை, தொகோநாமே ஊரின் வகை ஆகிய பூச்சில்லாத மண் கெண்டிகள் மணத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பால் தேநீருக்கு இவற்றைப் பயன்படுத்தவே கூடாது: பால் கொழுப்பு மண்ணுக்குள் இறங்கி நாறும், எந்தக் கழுவலுக்கும் போகாது. பால் தேநீர் குடிக்க ஆசைப்பட்டால் நீலப் பறவை தீட்டிய முழுப் பீங்கான் கோப்பை வாங்குங்கள். அதற்கு ஒன்றும் ஆகாது.

புதுக் கெண்டியின் மூக்கில் மாட்டியிருக்கும் சிறு ரப்பர்க் குழாய் அனுப்பும்போது உடையாமலிருக்க வைத்தது. கழற்றி எறியுங்கள், விட்டால் அதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

பூச்சில் வலைபோல் நுண்விரிசல் உள்ள மண் கோப்பைகளை முதல் முறை அரிசி களைந்த நீரில் மூழ்கவைத்து, சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் காய்ச்சி, அதே நீரில் ஆறவிடுங்கள். மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும், தேநீர்க் கறை மெதுவாகவே ஏறும். பிறகு ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன் சில நிமிடம் வெந்நீரில் நனைத்தால் போதும். மேல்நிறமோ தங்கமோ உள்ளவற்றைக் காய்ச்ச வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரச் சோப்பு மேல்நிறக் கண்ணாடியை மெல்ல அரித்து மங்கவைக்கும். சமையல் சோடாவைப் போட்டுத் தேய்ப்பது தங்கத்தை எடுத்துவிடும். வினிகரும் எலுமிச்சையும் மேல்நிறத்துக்கு ஆகாது. பூச்சுக்கு அடியில் தீட்டிய பறவைக்கு இந்தப் பயம் எதுவும் இல்லை. கண்ணாடி அதைக் காக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள வீடுகளில் சல்லடைத் துளைகளை வெள்ளை உப்பு அடைக்கும், வடிகட்டிய நீரே நல்லது. கழுவியதும் மூடியைத் தனியே வைத்து, முழுக்க உலர்ந்த பின் பெட்டியில் இடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு மூடினால் அடிவளையத்தில் பூஞ்சை வரும்.

பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் வண்ணப் பறவைக் கோப்பைகளைக் குறித்து ஒரு எச்சரிக்கை. மரபான மேல்நிறங்களின் கண்ணாடியில் ஈயம் சேர்ந்திருந்தது. உணவுப் பாத்திரங்களிலிருந்து வெளியேறும் ஈயம், காட்மியம் அளவுக்கான ஜப்பானிய விதிகள் 2008-இல் கடுமையாக்கப்பட்டன. இப்போது ஈயமில்லா நிறங்கள் பரவலாக உள்ளன. புதிதாக வாங்கும்போது ஈயமில்லா நிறமா என்று நேராகக் கேளுங்கள். பழையதில் நிறம் உதட்டுப் பகுதியிலோ உட்புறத்திலோ இருந்தாலும், பளபளப்பு போய்ப் பொடிந்திருந்தாலும் அதில் குடிக்க வேண்டாம். புளிப்புப் பானங்களை அதில் ஊற்றவே கூடாது. ஈயம் வெளியேறுகிறதா என்று சோதிக்கும் கூடங்களே 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்துத்தான் அளக்கின்றன. படம் வெளிப்புறத்தில் மட்டும் இருந்து, விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே தொடங்கும் கோப்பையைத் தேடுங்கள். பழையதோ புதியதோ, அன்றாடப் புழக்கத்துக்கு அதுவே வசதி.